இரண்டரையிலிருந்து மூன்று வரை

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் வரிசை வீடுகள் எல்லாமே அப்படித்தான். அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். இந்தப் பக்கம் அம்மா என்னைத் திட்டினால் அந்தப் பக்கத்திலிருந்து "இன்னும் ரெண்டு போடுங்க" என்று சிபாரிசு வரும். இதெல்லாம் தெரிந்தும் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். என் மூளையின் அளவை இதிலிருந்தே கணித்துக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபது வயது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். அல்சூர் பக்கம் ஒரு பாயின் ஸ்கூட்டர் கேரேஜில் வேலை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவேன். பக்தி காரணமல்ல. போகாவிட்டால் அம்மா மத்தியானச் சாப்பாடு போடமாட்டாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, போதகர் பிரசங்கத்துக்கு நடுவில் கனைப்பதை அப்படியே திருப்பிக் கனைத்துக் காட்டி நாலு பேரைச் சிரிக்க வைப்பதுதான் சபைக்கு என் ஊழியம். "இவன் மனந்திரும்பணும்" என்று அம்மா ஒவ்வொரு ஜெபக் கூட்டத்திலும் விண்ணப்பம் வைப்பாள். வைத்து வைத்து, "இதையும் வழக்கம்போலச் சேர்த்துக்குவோம்" என்று சொல்லும் அளவுக்கு அது பழசாகிவிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா இருந்தார். ரத்த உறவு இல்லை. நான் டவுசர் போட்ட நாளிலிருந்து அக்கா. வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பார். அவர் மிஷின் மிதிக்கும் சத்தம் கேட்டுத்தான் நான் காலையில் எழுந்திருப்பேன். என் பள்ளிக்கூட டவுசரின் பின்பக்கத்தை எத்தனை முறை ஒட்டுப்போட்டுக் கொடுத்தார் என்பது ஆண்டவருக்கும் அந்த டவுசருக்கும்தான் தெரியும்.

அந்த அக்காவுக்கு வயிற்றில் கட்டி. மாதக்கணக்கில் ரத்தம் போய் முகம் வெளுத்துவிட்டது. நாலு ஜாக்கெட் தைக்கிற நேரத்தில் ஒன்றுதான் முடியும். நடுவில் தலையை மிஷின்மேல் சாய்த்துக்கொள்வார். வியாழக்கிழமை காலை ஆபரேஷன் என்று பெரிய ஆஸ்பத்திரியில் நாள் குறித்தார்கள். தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதற்கு முந்தைய ஞாயிறு அக்காவுக்காகச் சங்கிலி ஜெபம் வைப்பதாக, ஒரு வாரம் முன்பே ஆராதனை முடிந்ததும் போதகர் அறிவித்தார்.

எங்கள் சபையில் சங்கிலி ஜெபம் என்றால் இப்படி. மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஆறுவரை, ஆளுக்கு அரைமணியாகப் பன்னிரண்டு பேர். அவரவர் வீட்டில் முழங்கால் போட வேண்டும். காலையிலிருந்து உபவாசம். ஜெபக் குறிப்பு எழுதிய தாள் ஒன்று பிளாஸ்டிக் உறையில் இருக்கும். உங்கள் அரைமணி முடிந்ததும் நீங்களே நடந்துபோய் அடுத்தவர் கையில் அதைக் கொடுக்க வேண்டும். ஒரு நிமிஷம்கூடச் சங்கிலி அறக்கூடாது.

பதினொரு பெயர் சேர்ந்தது. பன்னிரண்டாவது கிடைக்கவில்லை. நான் தலை சொறியக் கையைத் தூக்கினேன் என்று இன்றுவரைக்கும் சிலர் சொல்கிறார்கள். அது அநியாயம். அக்காவுக்காக நிஜமாகத்தான் தூக்கினேன். போதகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். கை அங்கேயே இருந்தது. இரண்டரையிலிருந்து மூன்று என் பெயருக்கு எழுதினார். அம்மா அழுதேவிட்டாள்.

அந்த ஞாயிறு அம்மாவின் முறை பன்னிரண்டு மணிக்கு. அதை முடித்துத் தாளைக் கொடுத்துவிட்டு, மீதி நேரம் உட்கார்ந்து ஜெபிக்கக் கோயிலுக்கே போய்விட்டாள். போகும்முன், ஆறு மணிக்கு உபவாசம் முடித்துச் சாப்பிட மாட்டுக்கறி வறுவலும் சோறும் செய்து மூடி வைத்திருந்தாள்.

ஒன்றரைக்கு நான் மூடியைத் திறந்தேன். வாசம் பார்க்க மட்டும்தான். வாசம் சரியாகத் தெரியாததால் ஒரு துண்டு. மிளகு சரியாக ஏறியிருக்கிறதா என்று இன்னொரு துண்டு. பிறகு சோறில்லாமல் கறி சாப்பிடுவது உடம்புக்கு ஆகாது என்று எங்கேயோ கேட்ட ஞாபகம் வந்தது.

இரண்டரைக்கு, எனக்கு முந்தின முறைக்காரரான கோயில் பாட்டு டீச்சர் வந்து தாளைக் கொடுத்தார். வாயைத் திறந்தால் மிளகு வாசம் வருமே என்று உதட்டை இறுக்கி மூடித் தலையை மட்டும் ஆட்டினேன். "மௌனமா இருக்கான், பாரத்தோட இருக்கான்" என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டு போனார்.

பாயை விரித்தேன். முழங்கால் போட்டேன். "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றேன். பணிவாக இருக்கட்டும் என்று நெற்றியைப் பாயில் வைத்தேன்.

அவ்வளவுதான் என் ஜெபம்.

கதவு இடிபடும் சத்தத்தில் எழுந்தேன். வாசலில் அடுத்த முறைக்காரர், ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற ஐயா. பத்து நிமிஷம் காத்திருந்துவிட்டு அவரே தாளைத் தேடி வந்திருக்கிறார். மணி மூன்று பத்து. என் கண் ரெண்டும் சிவந்திருந்தது. கன்னத்திலும் நெற்றியிலும் பாயின் கோடு கோடாக அச்சு. மோவாயில் கொஞ்சம் ஈரம், அது எச்சில்.

ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய குரல் தழுதழுத்தது.

"தம்பி... முகங்குப்புற விழுந்தா ஜெபிச்சே?"

பாயின் அச்சையும் என் கண்ணையும் அவர் பார்த்த விதத்திலேயே புரிந்துபோயிற்று. வேறு எந்த மதத்துக்காரனாவது அந்த முகத்தைப் பார்த்திருந்தால், தூங்கி எழுந்தவன் என்று சொல்லியிருப்பான். எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் அது கண்ணீரோடு தரையில் கிடந்து போராடி ஜெபித்தவனின் முகம்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அது ஆமாமைவிட மோசம்.

"நேரம் போனதே தெரியல போல. பத்து நிமிஷம் கூடவே பண்ணியிருக்கே. ஸ்தோத்திரம்! நாப்பது வருஷமா ஜெபிக்கிறேன்பா, என் நெத்தியில ஒரு நாளும் இப்டி வரல."

ஆறு மணிக்குக் கோயிலில் முடிவுக் கூட்டம். ஐயா விஷயத்தை அதற்குள் எல்லாருக்கும் சொல்லிவிட்டிருந்தார். போதகர் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். முன் பெஞ்சில் அக்காவும் அவர் வீட்டுக்காரரும். பின்னால் அம்மா, முந்தானையைக் கண்ணில் வைத்தபடி. அப்போதாவது, "தூங்கிட்டேன், மன்னிச்சிருங்க" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பத்து வருஷமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லோர் சாட்சியையும் கேலி செய்தவன் நான். ஒரு சாட்சி எப்படி இருக்க வேண்டும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? குரலைத் தாழ்த்தினேன். போதகர் மாதிரியே கனைத்தேன்.

"ஜெபிச்சிட்டே இருக்கும்போது... ஒரு கை தெரிஞ்சுது. அக்காவோட வயித்து மேல. தொட்ட மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் ஒரே சமாதானம்."

சமாதானம் உண்மை. நாற்பது நிமிஷம் முழுச் சமாதானம்.

"அல்லேலூயா" என்று கோயில் அதிர்ந்தது. அக்கா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நெகிழ்ந்துபோய்ப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கள் முழுக்க நான் பெரிய மனுஷன். தெருவில் இரண்டு பேர் தங்களுக்காகவும் ஜெபிக்கச் சொன்னார்கள். செவ்வாய் சாயங்காலம் வேலை முடிந்து வந்து தட்டின்முன் உட்கார்ந்தேன். அம்மா வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடக் குழம்பு ஊற்றினாள்.

"கேட்டியாடா? பக்கத்து வீட்ல ஆபரேஷனுக்குப் போவலியாம்."

"ஏன், தேதி மாத்திட்டாங்களா?"

"வேணாம்னு சொல்லிட்டா. கர்த்தர் தொட்டுட்டாருன்னு பையன் கண்ணால பாத்துச் சொல்லியிருக்கான், இனி எதுக்குக் கத்தின்னு கேக்குறாளாம். உன் வாயால ஒருத்திக்கு விசுவாசம் வந்துடுச்சுடா! நான் கேட்ட ஜெபம் வீண் போவல."

பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. மிதிப்பார், நிற்கும். நிற்கும் நேரமெல்லாம் அவர் தலை மிஷின்மேல் சாய்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்னும் ஒரு மாதம், இரண்டு மாதம் இப்படியே ரத்தம் போனால்? எத்தனையோ பேரை ஏமாற்றிச் சிரித்திருக்கிறேன். ஸ்கூட்டரில் பெட்ரோல் குழாயை மூடிவைத்துவிட்டு, வண்டிக்காரரை உதைக்கவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறேன். அதிலெல்லாம் யாரும் சாகவில்லை.

புதன் மத்தியானம் கேரேஜிலிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். மிஷினில் ஒரு மஞ்சள் ஜாக்கெட். பக்கத்தில் சுவரோரம் ஸ்டூல். உட்கார்ந்தேன். மறைவாக ஒரு வழி வைத்திருந்தேன். பொய்யை உடைக்காமலே ஆபரேஷனுக்கு அனுப்பும் வழி.

"அக்கா, ஆண்டவர் டாக்டர் கையாலயும் தொடுவாரு இல்ல?"

"தொடுவாரு."

"அப்போ நான் பாத்த கை... அது டாக்டரம்மா கையா இருக்கலாம்."

"வளையல் இருந்துச்சா?"

"என்னது?"

"கையில. டாக்டரம்மா ரெண்டு வளையல் போட்ருப்பாங்க. நீ பாத்த கையில இருந்துச்சா?"

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். என்னைப் பார்க்கவே இல்லை. நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

"அக்கா, நான் ஒண்ணும் பாக்கல. தூங்கிட்டேன். கறி தின்னுட்டுத் தூங்கிட்டேன். நீங்க நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவணும். ப்ளீஸ்க்கா."

மிஷின் நின்றது.

"தெரியும்டா."

"எப்டி?"

அக்கா சுவரைக் கைகாட்டினார். "நீ அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம் முட்டி போட்டுட்டு இருந்தேன். ரெண்டே முக்காலுக்கு ஆரமிச்சே. மொதல்ல யாரோ கிரைண்டர் போட்ருக்காங்கன்னு நெனச்சேன். அப்புறம் நடுவுல ஒரு விசில் வந்துச்சு. அது உன் மூக்குதான்னு இருவது வருசமா எனக்குத் தெரியாதா?"

"அப்போ தெரிஞ்சுக்கிட்டே ஏன்க்கா ஆபரேஷன் வேணாம்னு சொன்னீங்க?"

அக்கா மஞ்சள் துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"பயம்டா. மயக்க ஊசி போட்டா எழுந்திரிக்காமப் போயிடுவேனோன்னு பயம். எல்லாரும் எனக்காக ஜெபிக்கிறாங்க, நான் மட்டும் பயப்படுறேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீ ஒரு பொய் சொன்னே. எனக்கு சவுகரியமா இருந்துச்சு. நான் அதைப் பிடிச்சிக்கிட்டேன்."

"என் பொய்யையா? அதைப் பிடிச்சா கரையேற முடியுமாக்கா? சும்னே சொன்னதுக்கா அது."

கன்னடத்துச் 'சும்னே' எங்கள் வாயில் எப்போதும் இருக்கும். சும்மா என்று அர்த்தம். அதைக் கேட்டதும் அக்கா சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் மஞ்சள் ஜாக்கெட்டை எடுத்து நீட்டினேன், கண் துடைக்க.

"டேய் மடையா! கஸ்டமர் துணிடா அது!"

பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நாளைக்குப் போறேன். ஆனா ஒண்ணு. உன் அரைமணி எனக்கு வரல. அது எனக்கு வேணும். நான் உள்ள போனதும் நீ வெளிய உக்காந்து பண்ணணும். முழுசா."

ஆபரேஷன் வேண்டாம் என்று அக்கா சொன்னதை, அவர் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்லவே இல்லை. எப்படியும் மனசு மாறும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த வீட்டில் உண்மையான விசுவாசி அவர்தான்.

பாயிடம் லீவு கேட்டேன்.

"எதுக்கு?"

"ப்ரேயர் பண்ணணும் பாய்."

"யாரு? நீயா?" ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜா பேட்டா, போ. அந்த அம்மா நல்லா ஆவட்டும். நானும் துவா பண்றேன்" என்றார்.

வியாழன் காலை பத்து மணிக்கு அக்காவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவருகில் போனதும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்து, "டேய், தூங்காத" என்றார்.

வராந்தாவில் ஒரு மர பெஞ்சு. எதிரே சுவர்க்கடிகாரம். ஒரு முனையில் அக்கா வீட்டுக்காரர், இன்னொரு முனையில் நான். கண்ணை மூடி, போதகர் பாணியில் ஆரம்பித்தேன். வானத்தையும் பூமியையும் படைத்தவரே என்பதில் தொடங்கி, எனக்குத் தெரிந்த எல்லாப் பெரிய வார்த்தையையும் வரிசையாகப் போட்டேன். தீர்ந்துவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தேன். நாலு நிமிஷம்.

மறுபடி மூடினேன். அக்கா, அவர் வீட்டுக்காரர், டாக்டரம்மா, நர்ஸ், மயக்க ஊசி போடுகிறவர், அந்த ஊசி. ஒன்பது நிமிஷம். பிறகு ஒரு ஸ்கூட்டரின் கார்புரேட்டர் மனசுக்குள் வந்து உட்கார்ந்தது. அதைக் கழற்றி, சுத்தம் செய்து, பாதி மாட்டிய பிறகுதான் நான் ஜெபத்தில் இருக்கிறேன் என்று ஞாபகம் வந்தது.

கேலி செய்ய யாரும் இல்லாத இடத்தில் எனக்குப் பேச வராது என்று அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் ஆண்டவரின் வீட்டுக்கு வாராவாரம் போயிருக்கிறேன். பக்கத்து ஆளிடம்தான் பேசியிருக்கிறேன், வீட்டுக்காரரிடம் பேசியதில்லை. வேறு வழியில்லாமல், பாயிடம் உடைந்த போல்ட்டைப் பற்றிச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னேன்.

"ஆண்டவரே, ஞாயித்துக்கிழமை நான் தூங்கிட்டேன். உங்களுக்குத் தெரியும். கறி தின்னேன், அதுவும் தெரியும். உங்க கையைப் பாத்தேன்னு உங்க வீட்லயே நின்னு புளுகினேன். இப்ப அக்கா உள்ள இருக்காங்க. பயந்துட்டுப் போயிருக்காங்க. எனக்கும் பயமா இருக்கு. அந்தக் கையை நான் பாக்கல. ஆனா அது அங்க இருக்கட்டும்."

பதில் ஒன்றும் வரவில்லை. வெளிச்சமும் வரவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து போய்விட்ட மாதிரியும் இல்லை. அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். நடு நடுவே அக்கா எனக்குத் தைத்த டவுசரைப் பற்றிச் சொன்னேன். என் கேலிகளைப் பற்றிச் சொன்னேன். அதில் ஒன்றிரண்டு இப்போதும் நல்ல கேலிதான் என்றும் சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்தபோது இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

அதன்பின் விலாவில் ஒரு முழங்கை இடித்தது.

"எழுந்திரிடா! முடிஞ்சுதாம்! நல்லா இருக்காளாம்!" அக்கா வீட்டுக்காரர் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் என்னை உலுக்கினார். மணி பன்னிரண்டு. என் கன்னத்தில் பெஞ்சுப் பலகையின் அச்சு.

சாயங்காலம் வார்டில் அக்கா முழித்திருந்தார். உதடு காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "முழுசா பண்ணியா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பழக்கதோஷம். என் முகத்தில் என்ன அச்சு இருந்தாலும் அது எப்படி வந்தது என்று தெரிந்த ஒருவர் எதிரே படுத்திருந்தார். "இருவத்தி ரெண்டு நிமிஷம்க்கா. அதுக்கப்புறம் தூங்கிட்டேன்."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "டேய், சிரிக்க வைக்காதடா, தையல் பிரிஞ்சிடும். என்னைக் கேட்ருந்தா இன்னும் நல்லா தைச்சிருப்பேன்." பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "மீதி எட்டு?" என்றார்.

"பண்றேன்க்கா."

அடுத்த ஞாயிறு எழுந்து நின்று சபையில் உண்மையைச் சொன்னேன். குரலைத் தாழ்த்தவில்லை, கனைக்கவில்லை. வார்த்தை மட்டும் திக்கியது. யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. ஃபோர்மேன் ஐயா மட்டும் வெளியே வந்து என் தோளில் கைபோட்டு, "பாய் அச்சா அது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முழங்காலைத் தடவிக்கொண்டார். "நல்லவேளை. ஒரு வாரமா நானும் பாயில நெத்திய அழுத்தி அழுத்திப் பாக்குறேன்பா. முட்டிதான் புடிச்சிக்கிச்சு."

அந்த எட்டு நிமிஷத்தை நான் ஒரே மூச்சில் முடிக்கவே இல்லை. துண்டு துண்டாகத்தான் நடக்கிறது. திருகு வராதபோது அரை நிமிஷம். அல்சூர் சிக்னலில் சிவப்பு எரியும் நேரம் ஒரு நிமிஷம், பின்னாலிருப்பவன் ஹாரன் அடிக்கும் வரை. யாரையாவது கேலி செய்து, அது கொஞ்சம் கூடிப்போய், அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தபின் ஒரு பத்து விநாடி. எப்போதோ எட்டு நிமிஷத்தைத் தாண்டியிருக்கும். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி பத்து வருஷம் கனைப்பு மட்டும்தான் வரும் என்று பயம்.

அக்கா இப்போது முன்போல நாலு ஜாக்கெட் தைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணிக்குக் கத்தரிக்கோல் பிடியால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார்.

"டேய், முழிச்சிருக்கியா?"

அம்மாவின் கறிக்குழம்பு வயிற்றில் கனக்கும். கண் பாதி மூடியிருக்கும். பாயில் கிடந்தபடியே சத்தமாகச் சொல்வேன்:

"இப்பதான் எழுந்தேன்க்கா!"

"சரி, அதையாவது உண்மையா சொன்னியே. ஆரம்பி."

முழங்கால் போடுவேன். நெற்றியைப் பாயில் மட்டும் வைக்கமாட்டேன்.